ஒகினாவாவின் நாஹா நகரம்: காற்றுக்கு ஏற்ப நாட்களை அடுக்கும் முழுமையான வழிகாட்டி

ஜப்பானின் தெற்குத் தீவு மாகாணமான ஒகினாவாவின் தலைநகர் நாஹா. அங்கே முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் டோக்கியோ, கியோத்தோ கணக்கிலேயே திட்டம் போடுகிறார்கள். முதல் நாள் கோட்டை, அடுத்த நாள் கடைத்தெரு, ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள் படகேறித் தீவுப் பயணம். இந்த வரிசைதான் இங்கே காலை வாருகிறது. நாஹாவில் படகும் விமானமும் காற்றைப் பார்த்துத்தான் கிளம்பும். கடைசி நாளுக்கு வைத்த படகு ரத்தானால் அதை நகர்த்த வேறு நாள் இருக்காது.

அதனால் கடல் முதலில், நகரம் கடைசியில். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரு முடிவைச் சுற்றித்தான் அமைந்திருக்கின்றன.

1. மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

விமானச் சீட்டின் விலையைப் பார்த்து மாதத்தைத் தேர்ந்தெடுப்பது முதல் தவறு. சீட்டு மலிவாக இருக்கும் மாதங்களுக்குப் பெரும்பாலும் வானிலையில் ஒரு காரணம் இருக்கும்.

மே இரண்டாம் வாரத்திலிருந்து ஜூன் மூன்றாம் வாரம் வரை மழைக்காலம். மழை விட்டதும் தென்காற்று சீராக வீசும். ஜூன் கடைசி வாரத்திலும் ஜூலை தொடக்கத்திலும் கடல் தெளிந்து கிடக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை புயல் காலம், அக்டோபரிலும் புயல் வருவது உண்டு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வாடைக் காற்று. ஜனவரியின் சராசரி வெப்பம் 17 டிகிரி செல்சியஸ்தான், காற்றில் அது இன்னும் குளிராகத் தெரியும். அந்த மாதங்களில் படகுகள் அடிக்கடி ரத்தாகும்.

கடலில் இறங்க வேண்டும், புயல் அபாயமும் குறைவாக இருக்க வேண்டும் என்றால் அக்டோபர் பிற்பகுதி, அல்லது ஏப்ரல் இரண்டாம், மூன்றாம் வாரம். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை ஜப்பான் முழுக்கத் தொடர் விடுமுறை. அறை வாடகை ஏறும், வாடகைக் கார் கிடைக்காது, அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். கடல் வேண்டாம், ஊரையும் உணவையும் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு ஜனவரி இறுதி நல்ல நேரம். ஜப்பானின் மற்ற ஊர்களுக்கு இரண்டு மாதம் முன்பாகவே இங்கே செர்ரி பூத்துவிடும்.

2. காகிதங்கள்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விசா முன்கூட்டியே வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டுக்காரர்கள் குறுகிய சுற்றுலாவுக்கு விசா இல்லாமல் நுழையலாம். ஒகினாவாவுக்கென்று தனி அனுமதி எதுவும் கிடையாது.

கார் ஓட்ட நினைத்தால் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே எடுத்துவிடுங்கள். ஜப்பான் ஏற்பது 1949ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தத்தின்படி வழங்கப்பட்ட சிறு புத்தகத்தை மட்டுமே. இந்தியாவில் அதை ஆர்.டி.ஓ. அலுவலகம் தருகிறது. இணையத்தில் பணம் கட்டி வாங்கும் பிளாஸ்டிக் ‘சர்வதேச லைசென்ஸ்’ அட்டைகள் வாடகைக் கார் கவுண்ட்டரிலேயே திருப்பி அனுப்பப்படும். முன்பதிவுப் பணமும் போகும். புத்தகம், ஊர் உரிமத்தின் அசல், கடவுச்சீட்டு மூன்றும் கையில் இருக்க வேண்டும்.

‘விசிட் ஜப்பான் வெப்’ தளத்தில் குடியேற்ற, சுங்க விவரங்களை நிரப்பி, வரும் கியூஆர் குறியீட்டை ஸ்கிரீன்ஷாட்டாகச் சேமித்துக்கொள்ளுங்கள். இறங்கிய இடத்தில் இணையம் கிடைக்காமல் வரிசையில் தடுமாறுகிறவர்கள் நிறைய.

3. நாஹா வரை போய்ச் சேர்வது

இரண்டு வழிகள் நடைமுறைக்கு ஒத்து வரும். ஒன்று டோக்கியோவின் ஹனெடா வழியாக. அங்கிருந்து உள்நாட்டு விமானம் ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம். மற்றது தைப்பே அல்லது ஹாங்காங் வழியாக நேரே நாஹாவுக்கு. தைப்பேயிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான்.

டோக்கியோ வழியில் ஒன்றை மறக்காதீர்கள். ஜப்பானில் முதலில் இறங்கும் நிலையத்தில்தான் குடியேற்றச் சோதனையும் சுங்கமும். பெட்டியில் ‘நாஹா’ என்று ஒட்டியிருந்தாலும் ஹனெடாவில் அதை எடுத்து, சுங்கம் தாண்டி, உள்நாட்டு முனையத்தில் மறுபடி ஒப்படைக்க வேண்டும். இதற்குக் குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். நரிதாவில் இறங்கி ஹனெடாவில் ஏறும் சீட்டு மலிவாகக் கண்ணில் பட்டால் விட்டுவிடுங்கள். இரண்டுக்கும் இடையே வெகு தூரம்.

தைப்பே, ஹாங்காங் வழியில் இரண்டு தனித்தனிச் சீட்டுகள் வாங்கினால், பெட்டியை எடுக்க அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டிவரும். அதற்குத் தனி அனுமதி தேவைப்படலாம். ஒரே சீட்டாக வாங்குவதே பாதுகாப்பு.

4. தங்குமிடம்: மோனோரயில் நிலையத்தை வைத்துத் தேடுங்கள்

ஒகினாவாவில் ரயில் என்று இருப்பது 17 கிலோமீட்டர் நீளமுள்ள ‘யுய் ரயில்’ மோனோரயில் மட்டும். விமான நிலையத்தில் தொடங்கி, நகரத்துக்குள் வளைந்து, கோட்டை இருக்கும் ஷூரியைத் தாண்டி தெதாகோ உரானிஷியில் முடிகிறது. நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் அறை கிடைத்தால் காரில்லாத நாட்கள் சுலபம். வெயிலிலும் மழையிலும் பெட்டியை இழுத்துக்கொண்டு பதினைந்து நிமிடம் நடப்பது வரைபடத்தில் தெரிவதைவிடக் கடினம்.

படகுப் பயணம் முக்கியம் என்றால் மியெபாஷி நிலையம் பக்கம் தங்குங்கள், தொமாரி துறைக்கு நடந்தே போகலாம். வெளியூர்ப் பேருந்துகளை நம்பியிருந்தால் அசாஹிபாஷி, பேருந்து முனையம் அங்கேதான். கடைத்தெரு, சந்தை, இரவுச் சாப்பாடு என்றால் மாகிஷி அல்லது கெஞ்சோமாயே. இந்த இரண்டையும் இணைப்பதுதான் 1.6 கிலோமீட்டர் நீளமுள்ள கொக்குசாய் தோரி, ஊரின் பெரிய கடைவீதி.

கடலைப் பார்த்த அறை வேண்டும் என்று நகரத்துக்கு வெளியே எடுப்பவர்கள், கார் இல்லாமல் இரவுச் சாப்பாட்டுக்கே திண்டாடுகிறார்கள். நாஹா ஒரு துறைமுக நகரம், உல்லாசக் கடற்கரை அல்ல. நகருக்குள் குளிக்கக்கூடிய கடற்கரை நாமினோஉவே ஒன்றுதான்.

5. நாட்களை அடுக்கும் வரிசை

ஐந்து இரவுகள் இருந்தால் இப்படி அடுக்குங்கள். முதல் நாள் வந்து சேர்வது. இரண்டாம் நாள் படகு. மூன்றாம் நாள் வெற்று நாள்: படகு ரத்தானால் இங்கே நகர்த்துங்கள், ரத்தாகவில்லை என்றால் நாமினோஉவே கடற்கரை, த்சுபோயா மண்பாண்டத் தெரு என்று சோம்பலாகக் கழியுங்கள். நான்காம் நாள் கார் எடுத்து வடக்கே. ஐந்தாம் நாள் ஷூரியும் சந்தையும். ஆறாம் நாள் புறப்பாடு.

ஷூரியையும் சந்தையையும் கடைசியில் வைப்பதற்குக் காரணம், மழை பெய்தாலும் அவை கெடுவதில்லை. கடலைப் போல அவற்றை யாரும் ரத்து செய்யவும் முடியாது.

மூடும் நாட்களை இதோடு ஒத்துப் பாருங்கள். மாகிஷி பொதுச் சந்தைக்கு மாதத்தின் நான்காம் ஞாயிறு விடுமுறை, டிசம்பர் மட்டும் விலக்கு. ஷிகினாஎன் தோட்டம் புதன்கிழமை மூடியிருக்கும். ஷூரி கோட்டையின் கட்டணப் பகுதி ஜூலை மாதத்தின் முதலாவது புதன்கிழமையும் அதற்கு அடுத்த நாளும் திறக்காது. கொக்குசாய் தோரியில் ஞாயிறு நண்பகல் 12 முதல் மாலை 6 வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. நடக்க அருமையான நேரம், ஆனால் டாக்சியில் பெட்டியோடு ஹோட்டல் வாசலில் இறங்க முடியாது.

6. இறங்கிய முதல் இரண்டு மணி நேரம்

மோனோரயில் நிலையம் உள்நாட்டு முனையத்தின் பக்கம், இரண்டாம் தளத்தில் இருக்கிறது. பன்னாட்டு முனையத்திலிருந்து கூரையுள்ள வழியிலேயே நடந்து போய்விடலாம்.

சீட்டு என்பது கியூஆர் அச்சிட்ட தாள். அதை நுழைக்கத் துளை தேடி நிற்காதீர்கள், கதவின் கண்ணாடியில் குறியீட்டைக் காட்டினால் திறக்கும். வெளியேறும்போதும் அதையே காட்ட வேண்டும். மடித்துக் கசக்கிப் பையில் போட்டால் இயந்திரம் படிக்காது.

ஒருநாள் சீட்டு என்பது உண்மையில் 24 மணி நேரச் சீட்டு. மாலை நான்கு மணிக்கு எடுத்தால் மறுநாள் மாலை நான்கு வரை ஓடும். அதனால் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவது லாபம். அதைக் காட்டினால் சில காட்சி இடங்களில் நுழைவுக் கட்டணமும் குறையும்.

டோக்கியோவில் வாங்கிய சுயிக்கா பயண அட்டை மோனோரயிலில் செல்லும். அதை நம்பிப் பேருந்தில் ஏறினால் மாட்டிக்கொள்வீர்கள். ஒகினாவாப் பேருந்துகளில் பொதுவாகச் செல்வது உள்ளூர் ‘ஓகிகா’ அட்டையும் ரொக்கமும். ஓகிகாவோ இந்த மாகாணத்துக்கு வெளியே எங்கும் உதவாது.

பேருந்தில் ஏறும் முறை இரண்டு வகை. நகரத்துக்குள் ஒரே கட்டணத்தில் ஓடுபவற்றில் ஏறியதும் பணம் போட வேண்டும். வெளியூர் போகிறவற்றில் ஏறும்போது எண் அச்சிட்ட சிறு தாளை இழுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநரின் தலைக்கு மேல் உள்ள பலகையில் அந்த எண்ணுக்கு நேரே தெரியும் தொகைதான் உங்கள் கட்டணம், இறங்கும்போது போடுங்கள். பணப்பெட்டி மீதி தராது. பக்கத்திலேயே இருக்கும் மாற்று இயந்திரத்தில் 1000 யென் தாளைச் சில்லறையாக்கி, சரியான தொகையை எண்ணிப் போட வேண்டும். இதை வண்டி நிற்கும்போது செய்துவைத்தால் இறங்கும் நேரத்தில் பின்னால் வரிசை தேங்காது.

கடையில் மீதி வாங்கும்போது பார்த்திராத ஒரு தாள் வரலாம். 2000 யென் தாளில் இருப்பது ஷூரியின் வாயில். ஒகினாவாவில் அது சாதாரணமாகப் புழங்குகிறது. டோக்கியோவில் பல இயந்திரங்கள் அதை ஏற்பதில்லை, அதனால் கையில் வந்தால் ஊர் விடுமுன் செலவழித்துவிடுங்கள்.

7. படகு நாள்: தொமாரி துறை

கெராமா தீவுகளுக்கான படகுகள் கிளம்புவது தொமாரி துறையிலிருந்து. நாஹாவில் ‘துறைமுகம்’ என்ற பெயரில் பல இடங்கள் இருக்கின்றன. ககோஷிமா போகும் பெரிய கப்பல்களின் துறையும் சொகுசுக் கப்பல் முனையமும் வேறு. டாக்சிக்காரரிடம் வெறுமனே ‘துறைமுகம்’ என்று சொல்லாமல் ‘தொமாரின்’ என்று கட்டிடப் பெயரைச் சொல்லுங்கள்.

எந்தத் தீவு? ஸமாமிக்கு அதிவேகப் படகு 50 முதல் 70 நிமிடம், ஃபெர்ரி இரண்டு மணி நேரம். தொகாஷிகிக்கு அதிவேகப் படகு 40 நிமிடம் அளவில், ஃபெர்ரி 70 நிமிடம். ஒரே நாளில் போய்த் திரும்ப இரண்டும் சரி. கடலாமைகளைப் பார்க்க ஆசைப்பட்டால் ஸமாமியின் ஆமா கடற்கரை, நீருக்கடியில் பவளத்தைப் பார்க்க அதே தீவின் ஃபுருஸமாமி. சிறு குழந்தைகளோடு போகிறவர்களுக்குக் குறைந்த படகு நேரம் உள்ள தொகாஷிகியே நல்லது.

வரிசை இதுதான்:

முதலில் முன்பதிவு. அதிவேகப் படகில் இடம் குறைவு, கோடையில் சீக்கிரம் நிரம்பிவிடும். போகவும் வரவும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். காலையில் போய்விட்டு, மாலைப் படகில் இடமில்லாமல் தீவில் நிற்பது நடக்கிற காரியம்.

அடுத்து, முந்தைய மாலையே காற்று முன்னறிவிப்பைப் பாருங்கள். மழை படகை நிறுத்தாது, காற்றும் அலையும்தான் நிறுத்தும். வெயில் அடிக்கிற நாளில் படகு ரத்து என்றால் பலர் நம்பாமல் சண்டைக்குப் போகிறார்கள். நகரத்துக்குள் நிற்பவருக்கு வடகாற்றின் அலை தெரியாது.

காலையில் இயக்கும் நிறுவனத்தின் தளத்தில் அன்றைய நிலையைப் பாருங்கள். ‘இயங்கும்’, ‘ரத்து’ இரண்டோடு மூன்றாவதாக ‘நிபந்தனையுடன் இயங்கும்’ என்று ஒன்று உண்டு. புதிதாக வருபவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. படகு கிளம்பும், ஆனால் வழியில் திரும்பிவிடலாம், அல்லது மாலைப் படகு வராமல் போகலாம் என்பது அதன் பொருள். மறுநாள் உங்களுக்கு விமானம் இருந்தால் அப்படிப்பட்ட நாளில் ஏறாதீர்கள். நிறுவனம் தானே ரத்து செய்தால் பணம் திரும்பும், நாள் திரும்பாது.

கிளம்பும் நேரத்துக்குக் குறைந்தது 45 நிமிடம் முன்பே தொமாரின் கட்டிடத்துக்கு வந்து, பயணிப் படிவத்தை நிரப்பி, சீட்டு வாங்குங்கள். பிறகு எந்தக் கரை என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஸமாமி அதிவேகப் படகு நிற்பது துறையின் வடகரையில், கட்டிடத்திலிருந்து பத்து நிமிட நடை. ஃபெர்ரி நிற்பது தென்கரையில். கட்டிடத்துக்கு முன்னால் நிற்கும் ஃபெர்ரியைத் தன் படகு என்று நினைத்து நின்று, எதிர்க்கரையில் தன் படகு கிளம்புவதைப் பார்ப்பவர்கள் எல்லா வாரமும் உண்டு.

குமட்டல் வரும் என்றால் மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி முன்பே போடுங்கள், ஆட்டம் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. அதிவேகப் படகைவிட ஃபெர்ரி குறைவாக ஆடும். உட்காரப் பின்பகுதியின் நடு இடம் நல்லது.

8. கடலில் இறங்குமுன்

காவலரும் பாதுகாப்பு வலையும் உள்ள கடற்கரைகளில் நீந்தும் பருவம் பெரும்பாலும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. அந்த வலை அழகுக்குப் போட்டதல்ல. ஜூன் முதல் அக்டோபர் வரை கரையோரம் வரும் ‘ஹாபு குராகே’ என்ற ஜெல்லி மீனைத் தடுக்க. நம் மீனவர்கள் சொறிமுட்டை என்று சொல்லும் இனத்தில் இது கொடியது, நீரில் கண்ணுக்கே தெரியாது. பட்டால் தேய்க்காதீர்கள், மணலும் நல்ல தண்ணீரும் வேண்டாம். வினிகரை நிறைய ஊற்றி, ஒட்டிய இழைகளை எடுத்து, 119 எண்ணில் ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள். கடற்கரைக் காவல் இடங்களில் வினிகர் வைத்திருப்பார்கள். நீலக் காற்றுப்பை போல மிதக்கும் மற்றொரு வகைக்கு வினிகர் கூடாது, கடல் நீரால் மட்டுமே கழுவ வேண்டும்.

அழகான கூம்பு வடிவச் சங்கைக் கையில் எடுக்காதீர்கள். ‘அம்போயினா’ என்ற வகை உள்ளிருந்து விஷ முள்ளை எய்யும், உயிரையே எடுக்கக்கூடியது. குழந்தைகளிடம் கடற்கரைக்குப் போகுமுன்பே இதைச் சொல்லிவையுங்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது நீரோட்டம். அலை பவளத் திட்டைத் தாண்டி உள்ளே கொட்டும் தண்ணீர் முழுக்க, திட்டில் உள்ள ஓர் இடைவெளி வழியாக ஆறுபோல வெளியேறுகிறது. மேலே பார்த்தால் அந்த இடம்தான் அமைதியாகத் தெரியும், அதனால்தான் அங்கே இறங்குகிறார்கள். இழுக்கப்பட்டால் கரையை நோக்கிப் போராடாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து ஓட்டத்திலிருந்து வெளியே வாருங்கள். நீச்சல் தெரிந்தவரும் மிதவைச் சட்டை போடுங்கள். கடலோரக் காவல் எண் 118.

கால் பவளத்தில் அறுபடாமல் இருக்க நீர்க்காலணி, முதுகு வெந்துபோகாமல் இருக்க முழுக்கைச் சட்டை. முகமூடி போட்டுக் குப்புற மிதக்கும்போது கழுத்தின் பின்புறமும் தொடையின் பின்புறமும்தான் கருகும்.

9. கார்: ஒரு நாளுக்கு மட்டும்

நகருக்குள் கார் சுமைதான். நிறுத்தக் காசு, நெரிசல், பேருந்துத் தடக் கட்டுப்பாடு. வடக்கே போகும் நாளுக்கு மட்டும் எடுங்கள். விமான நிலையத்தில் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது: அலுவலகங்கள் நிலையத்துக்குள் இல்லை. ஷட்டில் வண்டியில் போய், வரிசையில் நின்று, சாவி வாங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நகருக்குள் உள்ள கிளையில் எடுத்தால் இந்த நேரம் மிச்சம்.

வண்டிகள் இடப்பக்கமே ஓடுவதால் நமக்குக் கை பழகியதுதான், ஆபத்தும் அந்தப் பழக்கத்தில்தான். நம் ஊர் ‘ஃப்ரீ லெஃப்ட்’ இங்கே கிடையாது. சிவப்பு என்றால் இடப்பக்கம் திரும்பவும் கூடாது. தலைகீழ்ச் சிவப்பு முக்கோணப் பலகை உள்ள இடத்தில், எதிரே யாரும் இல்லாவிட்டாலும் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். ஒரு குவளை மது குடித்தாலும் ஓட்டக் கூடாது. உடன் இருந்தவருக்கும் தண்டனை உண்டு.

நாஹாவின் முக்கியச் சாலைகளில் வார நாட்களில் காலை சுமார் 7.30 முதல் 9 வரையும், மாலை 5.30 முதல் 7 வரையும் பேருந்துக்கு மட்டும் என்று தடம் ஒதுக்குவார்கள். பலகையில் நேரம் எழுதியிருக்கும். அதற்குமுன் ஊரைத் தாண்டிவிட, காலை 7 மணிக்கே கிளம்பும்படி முந்தைய மாலையில் காரை எடுத்துவைப்பது நல்ல வழி.

மழை பெய்தால் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். இங்கே தார்ச்சாலையில் கலக்கும் கல் பவளச் சுண்ணாம்புக் கல். தேய்ந்து வழவழப்பாகி, நனைந்தால் எண்ணெய் ஊற்றியதுபோல் வழுக்கும்.

வழிகாட்டிக் கருவியில் ரோமன் எழுத்தில் பெயர் தட்டிப் போராட வேண்டாம். போகும் இடத்தின் தொலைபேசி எண்ணைத் தட்டினால் அதுவே இடத்தைக் கண்டுபிடிக்கும்.

வடக்கே மோட்டோபுவில் உள்ள சுராஉமி மீன் காட்சியகம் நாஹாவிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர், நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம். அங்கே 7,500 கன மீட்டர் தொட்டியில் திமிங்கலச் சுறாவைப் பார்க்கலாம். திறக்கும் நேரத்திலோ மாலை நான்குக்குப் பிறகோ போங்கள். நடுப்பகலில் சுற்றுலாப் பேருந்துகளின் கூட்டம் கண்ணாடி முன் நிரம்பிவிடும். கார் ஓட்ட விருப்பம் இல்லாதவர்களுக்கு நாஹாவிலிருந்து நேரடிப் பேருந்துகள் உண்டு.

பெட்ரோல் பங்கில் சிவப்புக் குழாய் சாதாரணப் பெட்ரோல், மஞ்சள் உயர்தரம், பச்சை டீசல். பச்சையைப் பெட்ரோல் என்று நினைத்துப் போட்டால் இன்ஜின் போய்விடும், காப்பீடும் கைவிடும். ஆள் உள்ள பங்கில் ‘ரெகுரா, மான்தான்’ என்றால் சாதாரணப் பெட்ரோல், முழுத் தொட்டி.

10. ஷூரி

ஷூரி நிலையத்திலிருந்து கோட்டை கால் மணி நேர நடை. 2019 அக்டோபர் 31 அன்று தீயில் எரிந்த முதன்மை மண்டபத்தை மறுபடி எழுப்பும் பணி 2026 இலையுதிர் காலத்தில் முடிவதாகத் திட்டம். எது திறந்திருக்கிறது என்பதைப் போகும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மதிலும் வாயில்களும் சுற்றி நடக்கவே ஒன்றரை மணி நேரம் ஆகும்.

மேலே கோட்டையில் தொடங்கி, கின்ஜோ கல் பாவிய பாதை வழியாகக் கீழே இறங்குங்கள். எதிர்த்திசையில் ஏறினால் வெயிலில் மூச்சு வாங்கும். மழை நாளில் அந்தக் கற்கள் வழுக்கும், செருப்பில் இறங்காதீர்கள். வழியில் கல்லும் மரமும் மட்டும் இருக்கும் வழிபாட்டு இடங்கள் வரும். ‘உதாகி’ என்பார்கள். கோயில் கட்டிடம் இல்லையே என்று ஏறி உட்காரவோ படம் எடுக்க உள்ளே நுழையவோ கூடாது. இன்றும் அங்கே வந்து கும்பிடுகிறார்கள்.

11. சந்தையும் சாப்பாடும்

மாகிஷி பொதுச் சந்தை புதிய கட்டிடத்தில் 2023 மார்ச்சில் திறந்தது. கீழ்த்தளம் மீன், கறி. மேல்தளம் சாப்பாட்டுக் கடைகள். கீழே வாங்கிய மீனை மேலே சமைத்துத் தருவார்கள், இதற்கு ‘மோச்சியாகே’ என்று பெயர்.

மீனைக் காட்டி முழு மீனுக்கு மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள், கிலோ விலை கேட்டால் பின்னால் கணக்கு குழம்பும். பச்சை நீலத்தில் வண்ணம் பூசியதுபோல் கிடப்பது ‘இராபுச்சா’, நம் கிளி மீன் இனம். பாதியைப் பச்சையாக, பாதியைப் பொரித்து என்று பிரித்துச் சொல்லலாம். மீனின் விலை கீழே, சமையல் கூலி தலைக்கு இவ்வளவு என்று மேலே, இரண்டும் தனித்தனி. இது தெரியாதவர்கள் இரண்டு முறை பணம் வாங்கிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். மாலைவரை காத்திராமல் காலை 11 மணி வாக்கில் போனால் மீனும் இருக்கும், மேலே இடமும் இருக்கும்.

‘உமிபுடோ’ எனும் கடல் திராட்சை ஒரு பாசி. கொத்தில் மிளகைவிடச் சிறிய பச்சை மணிகள், பல் பட்டதும் வெடித்து உப்புநீர் சிதறும். சாஸை அதன் மேல் ஊற்றாதீர்கள், உப்பு மணிக்குள் உள்ள நீரை இழுத்து இரண்டு நிமிடத்தில் சுருங்கவைத்துவிடும். ஒவ்வொரு கொத்தாகத் தொட்டுச் சாப்பிடுங்கள்.

சைவர்களும் பன்றி உண்ணாதவர்களும் இந்தப் பகுதியை ஊன்றிப் படிக்கவும். ஒகினாவாச் சமையலின் அடித்தளமே பன்றிதான். ‘ஒகினாவா சோபா’ நூடுல்ஸின் சாறு பன்றி எலும்பிலும் சூரை மீன் சீவலிலும் எடுத்தது. அந்தச் சீவல் நம் மாசிக் கருவாட்டின் உறவு என்று வைத்துக்கொள்ளலாம். கறியை எடுத்துவிட்டுத் தரச் சொன்னாலும் சாறு அதேதான். பாகற்காய்ப் பொரியல் என்று நம்பிக் கேட்கும் ‘கோயா சம்புரு’வில் முட்டை, பன்றி, மேலே மீன் சீவல். ஊருக்கு வாங்கிப் போகும் ‘சின்சுகோ’ பிஸ்கட் பாரம்பரியமாகப் பன்றிக் கொழுப்பில் செய்வது. ‘ஜிமாமி தோஃபு’ சோயாவில் அல்ல, வேர்க்கடலையில் செய்தது. கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் தொடக் கூடாது.

‘சைவம்’ என்ற சொல் கடைக்காரருக்கு மீனையும் விலக்குவதாகத் தோன்றாது. ‘நிக்கு தோ சகானா தோ தாஷி வா தாபெராரெமாசென்’, அதாவது கறி, மீன், மீன் சாறு சாப்பிட முடியாது என்று எண்ணிச் சொல்லுங்கள். இதை ஜப்பானிய எழுத்தில் தொலைபேசியில் வைத்துக் காட்டுவது இன்னும் நல்லது. சைவர்களுக்கு நிச்சயமாக ஒத்துவரும் ஒரு பண்டம் ஒகினாவா ‘ஸென்ஸாய்’: கருப்பட்டி நிறச் சர்க்கரையில் வெந்த ராஜ்மாவின் மேல் துருவிய ஐஸ். கையில் ரெடிமேட் உப்புமா, புளியோதரைப் பொடி ஒரு வேளைக்காவது இருக்கட்டும்.

இரவுக் குடிசாப்பாட்டுக் கடைகளில் கேட்காமலே ஒரு சிறு கிண்ணம் வைப்பார்கள். அதற்குத் தலைக்கு ஒரு கட்டணம் பில்லில் வரும். ஏமாற்று அல்ல, அது இருக்கைக் கட்டணம்.

12. புயல் வந்தால்

ஒகினாவா அருகே பல புயல்கள் திசை மாறுகின்றன. தள்ளும் காற்று அங்கே பலவீனமாக இருப்பதால் ஒரே இடத்தில் ஊர்ந்து, ஒன்றிரண்டு நாள் முழுக்க அடித்துவிட்டுத்தான் நகரும். பேருந்து, மோனோரயில், விமானம் எல்லாம் நிற்கும். கடைகளும் மூடும்.

எச்சரிக்கை வந்ததுமே, மழை தொடங்குமுன், இந்த வரிசையில் செய்யுங்கள்: அறையை இரண்டு இரவு நீட்டித்துக்கொள்ளுங்கள், விமானத்தை இலவசமாக மாற்ற முடியுமா என்று பாருங்கள், பிறகு இரண்டு நாள் உணவும் தண்ணீரும் வாங்குங்கள். கடைக்கு முதலில் ஓடுகிறவர்கள் திரும்பி வரும்போது அறை போயிருக்கும். புயல் போன மறுநாளும் விமானத்தில் இடம் கிடைப்பது கடினம், காத்திருக்கும் கூட்டம் முன்னால் நிற்கும். புயல் மாதங்களில் வந்தால், டோக்கியோவிலிருந்து ஊருக்குக் கிளம்பும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே நாஹாவை விட்டுவிடுங்கள்.

குடை வேண்டாம், காற்று முறித்துவிடும். மழைச் சட்டை போதும்.

13. புறப்படும் நாள்

காரைத் திருப்பித் தர வேண்டியிருந்தால் விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே அலுவலகத்தில் இருங்கள். தொட்டியை அருகிலுள்ள பங்கில் நிரப்பி ரசீதைக் காட்ட வேண்டும். கார் இல்லாதவர்கள் மோனோரயிலிலேயே போய்விடுங்கள், அது நெரிசலில் மாட்டாது.

டோக்கியோ வழியாகத் திரும்புகிறவர்கள் ஊதாச் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பச்சையாகப் பெட்டியில் வைக்காதீர்கள். அதைத் தாக்கும் வண்டு ஜப்பானின் மற்றப் பகுதிகளுக்குப் பரவாமல் இருக்க, ஒகினாவாவிலிருந்து வெளியே கொண்டுபோகச் சட்டத் தடை இருக்கிறது. அதே கிழங்கில் செய்த இனிப்புகளுக்குத் தடை இல்லை. கடல் திராட்சை வாங்கினால் குளிர்பெட்டியில் வைக்க வேண்டாம், குளிரில் மணிகள் வாடிவிடும். அறை வெப்பத்தில், வெயில் படாமல், கைப்பையில் எடுத்துப் போங்கள்.